பென்ஸ் விலைக் காமிக்ஸ்களை யாரிடம் அனுப்புவது? சி.ஜி.சி., சி.பி.சி.எஸ்., நமது ஈரக்காற்று

2024 ஜூன் 9, தலவாக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி

“அண்ணா, எங்கள் பெரியப்பா ஒரு தோட்டத்தின் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளராக, வேலை செய்தவர். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது நாடு திரும்பிய துரையின் பிள்ளைகள் விட்டுச்சென்ற ஆங்கிலக் காமிக்ஸ்களை அவர் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பெரும்பாலானவை மார்வெல் வெளியீடுகள். அட்டையில் அமெரிக்கச் சென்ட் விலைக்குப் பதிலாகப் பிரித்தானியப் பென்ஸ் விலை இருக்கிறது. தரமதிப்பீடு செய்வித்து விற்கலாம் என்று நினைக்கிறேன். சி.ஜி.சி. என்ற அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் மட்டுமே பணம் கிடைக்கும், மற்ற நிறுவனங்கள் நூலை மூடித்தரும் பெட்டியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று கொழும்பு நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். பென்ஸ் பிரதிகள் வெறும் மறுபதிப்பு என்றும் அவரே சொல்கிறார். இரண்டும் உண்மையா?”

2024 ஜூன் 9, இரவு

இரண்டாவது கூற்று தவறு, முதலாவது பாதி சரி. தவறானதை முதலில் முடித்துவிடுவோம், தம்பி.

1960 அளவில் தொடங்கி, இடையில் சில காலப்பகுதிகள் தவிர, எண்பதுகளின் ஆரம்பம் வரை மார்வெல் நிறுவனம் பிரித்தானியச் சந்தைக்கென வெளியிட்ட பென்ஸ் பிரதிகள் அமெரிக்காவிலேயே, சென்ட் பிரதிகள் ஓடிய அதே அச்சகத்தில், அட்டையின் விலைப்பகுதியை மாத்திரம் மாற்றி எடுக்கப்பட்டவை. உள்பக்கமும் விளம்பரமும் தாளும் ஒன்றே. பலவற்றில் அட்டையில் மாதத்தின் பெயர் இருக்காது. ஆனால் உள்ளே சிறிய எழுத்தில் உள்ள வெளியீட்டு விவரத்தைப் படித்தால் மாதம் தெரிந்துவிடும். ஆகவே அவை முதற்பதிப்புகளே. சென்ட் பிரதிகளைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவாக அச்சானபோதிலும், அமெரிக்க வாங்குபவர்களில் பலர் சென்ட் விலையையே விரும்புவதால், பென்ஸ் பிரதி பொதுவாகச் சற்றுக் குறைந்த விலைக்கே போகிறது. அரிதானது எல்லாம் விலை கூடியது என்று எண்ணிவிடக் கூடாது.

தகரப் பெட்டியில் டி.சி. என்ற மற்றோர் அமெரிக்க நிறுவனத்தின் வெளியீடுகளும் இருந்தால் அட்டையில் வட்டமான ஓர் இறப்பர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அறுபதுகளில் லெஸ்டர் நகரத்துத் தோர்ப் அன்ட் போர்ட்டர் விநியோக நிறுவனம் சென்ட் பிரதிகளை இறக்குமதி செய்து, பிரித்தானிய விலையை முத்திரையாகக் குத்தியே விற்றது. அந்த முத்திரையை அழிக்க முயலவேண்டாம். அழித்த தழும்புதான் தரத்தைக் கெடுக்கும்.

முதலாவது கூற்றைப் பற்றி நாளை எழுதுகிறேன்.

2024 ஜூன் 10

தரமதிப்பீட்டு நிறுவனம் செய்கிற வேலை இதுதான்: நூலின் பக்கங்களை எண்ணுகிறார்கள், பிற்காலத்தில் நிறம் பூசியோ, பசை தடவியோ, ஓரம் வெட்டியோ இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீட்டாளர்கள் பார்த்து 0.5 முதல் 10 வரையான அளவில் ஓர் எண்ணைத் தருகிறார்கள். பிறகு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டியில் மூடி, மேலே எண்ணும் தாளின் நிறமும் எழுதிய லேபலை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். சேகரிப்பாளர்கள் அந்தப் பெட்டியை ஸ்லாப் என்பார்கள்.

சி.ஜி.சி. இந்த வேலையை 2000ஆம் ஆண்டில் தொடங்கியது, இப்போது அது புளோரிடாவின் சரசோட்டாவில் இருக்கிறது. நாணயங்களைத் தரமிடும் என்.ஜி.சி. அதன் சகோதர நிறுவனம். சி.பி.சி.எஸ். 2014இல் வந்தது, அதை ஆரம்பித்த ஸ்டீவ் போரொக், முன்னர் சி.ஜி.சி.யின் தலைமை மதிப்பீட்டாளராக இருந்தவர். விளையாட்டு அட்டைச் சேகரிப்புத் துறையில் பேர்போன பெக்கெட் நிறுவனம் பின்னர் அதை வாங்கி டெக்சஸுக்குக் கொண்டுபோனது. பி.ஜி.எக்ஸ். என்று மூன்றாவதொன்றும் உண்டு. அதன் பெட்டிக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பது எல்லோரும் அறிந்ததே, நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலிரண்டுக்கும் இடையில் கண்டிப்பில் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எவர் கண்டிப்பானவர் என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது; ஒரே நூலைப் பெட்டியை உடைத்து மறுபடியும் அதே நிறுவனத்துக்கு அனுப்பினால்கூட எண் மாறிவரக்கூடும் என்பதை அந்த விவாதத்தில் எவரும் நினைவில் வைப்பதில்லை. வேறுபாடு இருப்பது விலையில்தான். அதே நூல், அதே எண், சி.ஜி.சி. பெட்டியில் இருந்தால் ஏலத்தில் கூடுதலாகப் போகும். பெரிய சாதனை விலைகள் எல்லாம் அந்தப் பெட்டியோடு வந்தவையே: சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய அக்ஷன் காமிக்ஸ் முதலாவது இதழின் 9.0 தரப் பிரதி 2014இல் ஏறத்தாழ 32 இலட்சம் டொலருக்கும், 8.5 தரப் பிரதி 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கும் விற்கப்பட்டன. நமது தகரப் பெட்டிகளில் அது கிடைக்கப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எனவே முகம் தெரியாத அமெரிக்க வாங்குபவருக்கு விற்பதானால் உங்கள் நண்பர் சொல்வது சரி. வேறு எதற்காகவும் அனுப்புவதானால் சரியல்ல.

2024 ஜூன் 10, சற்று நேரம் கழித்து

“வேறு எதற்காக அனுப்புவார்கள்?” என்று உடனேயே கேட்டுவிட்டீர்கள். கையெழுத்துக்காக.

அட்டையில் ஓவியரோ கதாசிரியரோ கையொப்பமிட்டிருக்கும் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஜி.சி.யின் மஞ்சள் லேபல், தங்கள் சாட்சி முன்னிலையில் இடப்பட்ட கையெழுத்துக்கென்றே உருவானது. சாட்சியில்லாத கையெழுத்து, அதன் வழமையான முறையில், நீண்டகாலம் அட்டையில் யாரோ கிறுக்கியதாகவே கொள்ளப்பட்டு, குறையொன்றை ஒதுக்கிவைத்ததைக் காட்டும் பச்சை லேபல் பெற்றது அல்லது தரம் குறைந்தது. சி.பி.சி.எஸ். ஆரம்பத்திலிருந்தே பழைய கையெழுத்துகளைக் கையெழுத்து நிபுணர்களிடம் காட்டி உறுதிப்படுத்தும் வழியொன்றை வைத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் ஒரு சிறுவன் வாங்கிய கையெழுத்துக்கு நுவரெலியாவில் எங்கே சாட்சி தேடுவது? அத்தகைய நூலுக்குச் சி.பி.சி.எஸ்.தான் பொருத்தம்.

2024 ஜூன் 16

லேபல் நிறங்களைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: சி.ஜி.சி.யில் நீலம் வழமையானது. ஊதா என்றால் திருத்தவேலை செய்யப்பட்டது என்று பொருள். பலர் அதைக் கண்டாலே பாதி விலை பேசுவார்கள். பச்சை என்றால் ஒரு பெரிய குறையை ஒதுக்கிவைத்து எண் கொடுத்திருக்கிறார்கள்.

நம்மூர்க்காரர்கள் ஊதாவைப் பற்றியே கவலைப்படவேண்டும். வாடகைப் புத்தகக் கடைகளில் காமிக்ஸ்களை நான்கைந்தாகச் சேர்த்துப் பக்கவாட்டில் தைத்து, மூன்று ஓரங்களையும் கத்தியில் வெட்டிச் சமப்படுத்தும் வழக்கம் இருந்தது. அப்படி வெட்டிய நூலைப் பிரித்தெடுத்தால் பார்ப்பதற்கு ஓரங்கள் புதிதுபோலப் பளிச்சென்றிருக்கும். மதிப்பீட்டாளர் அளவுகோலை வைத்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவார்.

2024 ஜூன் 23

பெட்டியைத் திறந்து படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. அட்டைகளைக் கண்டு நான் மகிழ்ந்தேன். நடுப்பக்கப் படத்தைக் கண்டதும் அந்த மகிழ்ச்சி அடங்கிவிட்டது.

எல்லோருடைய நன்மைக்காகவும் அந்தப் படத்தில் இருப்பதை விவரிக்கிறேன். நடுப்பக்கத்தில் கம்பிப்பின்னின் இரண்டு கால்களும் மடிந்து படுத்திருக்கும் இடத்தில் தாள் பழுப்பேறி, அந்தப் பழுப்பு அடுத்தடுத்த தாள்களுக்கும் ஊறி இறங்கியிருக்கிறது. மேல் பின்னைச் சுற்றித் தாள் பொடிந்து, நடுத்தாள் ஒரு பக்கம் விடுபட்டு நிற்கிறது. அட்டையில் முதுகோரத்தில் நான்கைந்து சிறிய வெள்ளைக் கீறல்கள் உள்ளன. இராமபாணப் பூச்சி கீழ்மூலையில் அட்டையின் பளபளப்பை மட்டும் சுரண்டித் தின்றிருக்கிறது. இவற்றில் அட்டைக் குறைகளுக்கே ஒருவர் 6 அல்லது 7 எதிர்பார்ப்பார்; நடுத்தாள் விடுபட்டதும் துருவும் அதை நன்றாகக் கீழே இறக்கிவிடும்.

என்னுடைய அனுபவமும் இதுவே. கொழும்பிலுள்ள ஒரு முகவர் மூலமாக நான் அனுப்பிய முதல் நூற்கட்டில், அட்டை அழகாக இருந்த ஒரு பிரதிக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஹட்டன் தபாலகத்து வாசலிலேயே நின்று எரிச்சலோடு கைத்தொலைபேசியில் சான்றிதழ் எண்ணை அடித்து மதிப்பீட்டாளரின் குறிப்புகளைத் தேடினேன். ‘பின் துரு, தாளுக்குப் பரவியது’ என்று இருந்தது. அவர் எழுதியதில் பிழையில்லை. நாங்கள் அட்டையைப் பார்க்கிறோம், அவர்கள் கம்பியைப் பார்க்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் சுவருக்குள்ளேயே இறங்கிவிடும். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் அந்த மாதங்களில் வறண்டிருக்கும். ஒரே ஆண்டில் வாங்கிய ஒரே இதழின் இரண்டு பிரதிகளை, ஒன்று பண்டாரவளையிலிருந்தும் மற்றது கொட்டகலையிலிருந்தும் வந்தவற்றை, நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பின்னைப் பார்த்தே எது எவ்வூரது என்று சொல்லிவிடலாம்.

பங்களாக் கணப்பு அடுப்புக்கு மேலிருந்த அலுமாரியில் வைத்தவை மட்டும் துருப்பிடிக்காமல் தப்பியிருக்கின்றன. புகைவாசனை இன்னும் போகவில்லை. லேபலில் அதற்கென ஓரிடம் இல்லாதது நமது நல்லகாலம்.

2024 ஜூலை 1

“அப்படியானால் எல்லாவற்றையும் ஸ்லாப்பில் போட்டுவிட்டால் ஈரத்திலிருந்து காப்பாற்றலாமே” என்று மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். இல்லை அக்கா. அந்தப் பெட்டி காற்றுப்புகாத பெட்டியன்று. அதைத் தயாரிக்கிறவர்களே அவ்வாறு உரிமை கோரவில்லை. உள்ளே வைக்கப்படும் மைக்ரோசேம்பர் தாள், செய்தித்தாள் வகைக் காகிதத்திலிருந்து வரும் அமிலத்தை உறிஞ்சுவதற்கானது. ஈரக்காற்று அறையில் இருந்தால், மெதுவாகப் பெட்டிக்குள்ளும் இருக்கும். பெட்டிக்குள் துரு தொடங்கினால் நாம் திறந்து பார்க்கவும் முடியாது. திறந்தால் மதிப்பீடு செல்லாது.

விற்காமல் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: பொலியெஸ்டர் உறை, அமிலம் நீக்கிய அட்டை, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே சிறிய ஈரப்பதமானி ஒன்று. மானி 60க்கு மேல் காட்டினால் ஜெல்லை எடுத்து உலர்த்துங்கள். இவ்வளவுக்கும் ஒரு நூலை அமெரிக்கா அனுப்பி எடுக்கும் செலவில் ஒரு பகுதியே ஆகும்.

2024 ஜூலை 14

அழுத்திச் சீராக்குதல் பற்றிக் கேட்டவர்களுக்கு. வெப்பமும் சிறிதளவு ஈரமும் பாரமும் கொடுத்து மடிப்பையும் நெளிவையும் தட்டையாக்கும் வேலை அது. சி.ஜி.சி. அதைத் திருத்தவேலையாகக் கருதுவதில்லை, எனவே ஊதா லேபல் வராது. அதே குழுமத்தில் சி.சி.எஸ். என்றொரு கிளை அந்த வேலையைச் செய்கிறது. நூலைச் சீராக்குகிறவரும் அதற்கு எண் போடுகிறவரும் ஒரே குடும்பத்தில் இருப்பது பலருக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தல் நியாயமானதே என்று நானும் நினைக்கிறேன். 2021இல் பிளக்ஸ்டோன் என்னும் பெரும் முதலீட்டு நிறுவனம் இந்தக் குழுமத்தின் பெரும்பங்கை வாங்கியது என்பதையும் அறிந்திருங்கள்.

நிறம் உடைந்த கீறல் எந்த அழுத்தத்துக்கும் மறையாது. நிறம் உடையாத மடிப்பு மறையும். நெளிந்த நூலை அங்கே தட்டையாக்கி இங்கே ஜூலை மாத ஹட்டனில் கொண்டுவந்து வைத்தால், தாள் மறுபடியும் தன் பழைய நெளிவைத் தேடும். அமெரிக்காவிலேயே விற்றுவிடும் நூலுக்கு மட்டும் அதற்குப் பணம் கொடுங்கள்.

2024 ஓகஸ்ட் 3

கண்டி வாசகர் ஒருவர், சி.ஜி.சி. பெட்டி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதியிருக்கிறார். மூடவேண்டாம். 2023 இறுதியில் வெளிவந்த மோசடியை நினைவுபடுத்துகிறேன்: உயர்ந்த தரப் பெட்டியை அடையாளம் தெரியாமல் திறந்து, உள்ளிருந்த நல்ல நூலை எடுத்துவிட்டு, தாழ்ந்த பிரதியொன்றை வைத்து, கீறல் விழுந்த பெட்டியை மாற்றித்தரும் சேவைக்கே அதை அனுப்பி, புதிய பெட்டியில் பழைய எண்ணோடு திரும்பப் பெற்றிருக்கிறார்கள். நிறுவனம் பின்னர் சந்தேகத்துக்குரிய சான்றிதழ் எண்களைப் பட்டியலாக வெளியிட்டது. எனவே எண்ணைப் பார்த்தபின் நூலையும் பாருங்கள். 9.8 என்று எழுதிய பெட்டிக்குள் முதுகில் வெள்ளைக் கீறல்கள் வரிசையாகத் தெரிந்தால் கேள்வி கேட்பதற்கு மதிப்பீட்டாளராக இருக்கவேண்டியதில்லை.

இதனால் சி.பி.சி.எஸ். மேலானது என்று ஆகிவிடாது. அதிகம் விலைபோகிற பெட்டியைத்தான் மோசடிக்காரரும் தேடுவார்.

2024 ஒக்டோபர் 20

முத்து காமிக்ஸைத் தரமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வந்துவிட்டது. சிவகாசியிலிருந்து 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய வரிசை அது. எழுபதுகளில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருந்த காலத்திலும், தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலில் போய்வந்த உறவினர் கைகளில் அவை தோட்டங்கள்வரை ஏறிவந்தன. என் வீட்டிலும் அப்படி வந்தவை உள்ளன, அட்டை கிழிந்தவை, பின் அட்டையில் யாரோ கணக்குப் போட்டவை.

அயல்மொழிக் காமிக்ஸ்களையும் அமெரிக்க நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஆரம்பகால இதழ்கள் சில மறுபதிப்பு கண்டிருக்கின்றன. எது முதற்பதிப்பு, எந்தப் பக்கம் விடுபட்டது, எந்த அட்டை மாற்றப்பட்டது என்பதை அறிந்தவர்கள் சிவகாசியிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் பழைய வாசகர்கள்தான். சரசோட்டாவில் இருப்பவர் தாளின் நிலையைத்தான் சொல்வார். தமிழ்க் காமிக்ஸ் வாங்குகிறவர் ‘பக்கம் முழுதும் இருக்கிறதா, உள்ளே புரட்டிப் படம் அனுப்புங்கள்’ என்று கேட்கிறார். ஸ்லாப்பில் போட்டால் புரட்ட முடியாது! வாங்குபவரே விரும்பாத பெட்டிக்கு டொலரில் பணம் கட்டுவதில் பொருளில்லை.

2024 ஒக்டோபர் 21

நேற்று எழுதியதைச் சற்றுத் தளர்த்துகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் சொன்னது சிந்திக்கத்தக்கது: வெளிநாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ் படிக்கமாட்டார்கள், ஆனால் அப்பாவின் நினைவாக ஒன்றைச் சுவரில் மாட்ட விரும்புவார்கள், அவர்களுக்குப் பெட்டியும் எண்ணும் தேவைப்படும் என்கிறார். இருக்கலாம். அப்போதும் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் அந்தப் பிள்ளையே அனுப்பிக்கொள்வது மலிவு. நாம் நூலை மட்டும் அனுப்பினால் போதும்.

2025 ஏப்ரல் 27

செலவு பற்றிப் பலமுறை கேட்கப்பட்டது. கட்டணப் பட்டியல் அடிக்கடி மாறுவதால் எண்களை எழுதமாட்டேன். அமைப்பை மட்டும் சொல்கிறேன். கட்டணம் நூலின் வயதையும் மதிப்பையும் பொறுத்து அடுக்கடுக்காக ஏறும். சி.ஜி.சி.யில் 1975 முதல் வெளிவந்தவை மலிவான அடுக்கில் வரும், அதற்கு முந்தியவைக்குக் கூடுதலாகக் கட்டவேண்டும். அதன்மேல் போகும் தபால், வரும் தபால், காப்புறுதி, முகவரின் பங்கு. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, என் இரண்டாவது கட்டு முகவரின் மேசையில் கிடந்தது. அவர் பழைய நாணயமாற்று வீதத்தில் பணம் வாங்கிவிட்டு, புதிய வீதத்தில் மீதியைக் கேட்டார். கொடுக்கும்வரை நூல்கள் நகரவில்லை. அன்றிலிருந்து எந்த முகவரிடமும் நாளையும் வீதத்தையும் எழுத்தில் வாங்காமல் எதையும் கொடுப்பதில்லை.

பெட்டியோடு விற்றால் கிடைக்கும் விலைக்கும் பெட்டியின்றி விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, இந்தச் செலவெல்லாம் சேர்ந்ததன் இருமடங்காவது இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. தலவாக்கலைத் தம்பியின் படங்களில் அந்தக் கணக்கில் தேறுபவை மிகச் சில. மற்றவற்றை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பின்னையும் நடுப்பக்கத்தையும் மறைக்காமல் காட்டி, உள்ளபடியே விற்கலாம்.

2025 ஜூலை 13

விளையாட்டு அட்டைகளைத் தரமிடுவதில் முதன்மையான பி.எஸ்.ஏ. இவ்வாண்டு காமிக்ஸிலும் இறங்கியிருக்கிறது. அட்டை சேகரிக்கும் பெருங்கூட்டம் அதன் பின்னால் இருப்பதால் சி.ஜி.சி.க்கு உண்மையான போட்டி இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனால் அறுபதுகளின் நூல்களில் அதன் பெட்டிக்கு என்ன விலை நிற்கிறது என்பதைக் காட்ட ஏல முடிவுகள் போதிய அளவில் சேரவேண்டும். முதல் சுற்றில் நமது நூல்களைப் பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டியதில்லை. அமெரிக்கர்களே கொடுக்கட்டும்.

2025 செப்டெம்பர் 7

கட்டைத் தயார் செய்துவிட்டேன், இந்த வாரம் தபாலில் போடலாமா என்று தம்பி கேட்கிறார். கொஞ்சம் பொறுங்கள். 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த வரிவிலக்கு ஓகஸ்ட் 29 முதல் நீக்கப்பட்டு, இந்தியா உட்படப் பல நாடுகளின் அஞ்சல் சேவைகள் பொதி ஏற்பதையே இடைநிறுத்தின. அச்சிட்ட நூல்களுக்கு அந்தப் புதிய வரியிலிருந்து 2025இல் விலக்கு இருந்தது. ஆனால் கருமபீடத்தில் நிற்பவருக்கு அதை விளக்கும் பொறுப்பு நம்முடையது. பொதியின் மேல் ‘பரிசு’ என்றோ ‘விளையாட்டுப் பொருள்’ என்றோ எழுதாமல் ‘அச்சிட்ட பழைய காமிக்ஸ் நூல்’ என்றே எழுதுங்கள்.

மதிப்பு என்ற இடத்தில் பயந்து குறைவாகப் போடவேண்டாம். வழியில் தொலைந்தால் காப்புறுதி அந்தத் தொகைக்குமேல் தராது. மதிப்பீட்டு நிறுவனமும் தன் படிவத்தில் நீங்கள் எழுதும் மதிப்பை வைத்தே கட்டண அடுக்கைத் தீர்மானிக்கும், குறைத்துப் போட்டிருந்தால் அவர்களே மேலடுக்குக்கு மாற்றிப் பட்டியலை அனுப்புவார்கள். ஒவ்வொரு நூலையும் இரு கனத்த அட்டைகளுக்கிடையில் வைத்து, பசைநாடா உறையில் படாமல் கட்டுங்கள். அனுப்பும் முன் அட்டை, பின் அட்டை, நடுப்பக்கம், இரண்டு பின்கள் ஆகியவற்றைப் படமெடுத்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தகரப் பெட்டியிலுள்ள, கையெழுத்திட்ட அந்த ஒரு பிரதியை இந்தக் கட்டில் சேர்க்காமல் எடுத்து வையுங்கள், அது டெக்சஸிலுள்ள சி.பி.சி.எஸ்.க்குப் போகவேண்டியது.